பின்னே போக மறுக்கும் வண்டி

முச்சக்கரவண்டிக்கு முன்னே செல்ல நான்கு கியர்கள் உண்டு. பின்னே செல்ல ஒரே ஒரு நெம்புகோல்தான் உண்டு. நகரத்துச் சாரதிக்கு இந்தக் கணக்குப் போதுமானது. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் நாளைக்கு நாலைந்து முறை அந்த நெம்புகோலைத் தொடுவார். அது வேலை செய்யாத நாளில் காலால் தரையை உந்தித் தள்ளியும் சமாளித்துக்கொள்வார். தோட்டப்புறத்து நிலைமை அப்படியன்று. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் தேயிலைச் சரிவு, நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை, அப்பாதையின் முடிவில் லயம். அங்கே சென்ற வண்டி திரும்பி வரவேண்டுமானால் பின்னே போயே ஆகவேண்டும்.

எம்பிலிப்பிட்டிய நகருக்கு அப்பால், மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் இது குறித்து நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் பழைய இரண்டடிப்பு எஞ்சின் கொண்ட முச்சக்கரவண்டி ஒன்றை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார். இரண்டு மாதமாக வண்டி மேட்டில் இழுக்கவில்லை. பின்னோட்ட நெம்புகோலை இழுத்தால் கறகறவென்று சத்தம் கேட்கிறது. சில வேளை விழுகிறது, சில வேளை விழுந்தும் நழுவிவிடுகிறது. சென்ற வாரம் அயல் வீட்டுப் பெரியவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவிருந்தபோது, இளைஞர் நால்வர் சேர்ந்து வண்டியைத் தூக்கித் திருப்பிவைக்க வேண்டியதாயிற்று. கராஜில் காட்டியபோது எஞ்சினையும் கியர்பெட்டியையும் இறக்கித்தான் ஆகவேண்டும் என்றார்களாம். தாயார் சங்கிலியை அடகு வைக்க முடிவு செய்துவிட்டார். அக்காவுக்கு இது ஏழாவது மாதம். “இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகுமா ஐயா? இறக்கித்தான் ஆகவேண்டுமா?” என்று கேட்கிறார் மாணவி.

வண்டியைக் காணாமல் வைத்தியம் சொல்ல நாம் சோதிடரல்லர். ஆயினும் அந்தப் பெண்ணின் முதற் கேள்வி மிகவும் கூர்மையான கேள்வி. இரண்டும் ஒரே நேரத்தில் ஏன் பழுதாகவேண்டும்? எஞ்சினும் பின்னோட்டமும் வெவ்வேறு உறுப்புகள். இரண்டு உறுப்புகள் ஒரே மாதத்தில் நோயுற்றால், இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது பொருளொன்றை முதலிற் சந்தேகிப்பதே முறை. இந்த வண்டியில் அப்படிப்பட்ட பொருள்கள் இரண்டு: ஒன்று கிளச் கேபிள், மற்றது ஐட்லிங் என்று கராஜிற் சொல்லப்படும் எஞ்சினின் வெறும் ஓட்டம். இரண்டையும் சரி பார்க்கச் சங்கிலி தேவையில்லை. ஒரு சாவியும் ஒரு திருகாணி முடுக்கியும் போதும்.

இதை விளங்கிக்கொள்வதற்குப் பின்னோட்டம் நிகழும் விதத்தைச் சிறிது அறிந்திருத்தல் நன்று. மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு தாளில் வட்டம் வரைந்து பார்க்கலாம். ஒன்றோடொன்று பல் கோத்த இரண்டு சக்கரங்களில் ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழலும். இடையே மூன்றாவது சக்கரம் ஒன்றைப் புகுத்தினால் கடைசிச் சக்கரத்தின் திசை மாறிவிடும். பின்னோட்டம் என்பது ஏறக்குறைய அவ்வளவே. நெம்புகோலை இழுக்கும்போது ஒரு கேபிளோ தண்டோ கியர்பெட்டியின் வெளியேயுள்ள சிறு கையொன்றை அசைக்கிறது; அக்கை உள்ளேயிருக்கும் கவையைத் தள்ளுகிறது; கவை, பற்களுள்ள வளையமொன்றை முன்னோட்டப் பக்கத்திலிருந்து பின்னோட்டப் பக்கத்துக்கு நகர்த்துகிறது. வளையத்தின் பல், எதிர்ப்பக்கத்துப் பற்களின் இடைவெளியில் இறங்கவேண்டும். இரு புறமும் அசைவற்று நின்றால்தான் இறங்கும். ஒரு புறம் நின்று மறு புறம் சுழன்றுகொண்டிருந்தால் பல்லோடு பல் உரசும். அந்தக் கறகறப்பு அதுதான்.

ஆகவே வண்டி முழுதாக நின்ற பின்னர், எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டிக்குள் வராதபடி கிளச் முழுதாக விலகிய பின்னர்தான் நெம்புகோலைத் தொடவேண்டும். வண்டி முன்னே உருண்டுகொண்டிருக்கையில் அவசரப்பட்டு இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பல்லின் முனையைச் சிறிது அரம் போட்டுத் தேய்க்கிறார்கள் எனலாம். முனை மழுங்கிய பல் இறங்கவும் மறுக்கும். இறங்கிய பின் நிலைத்து நிற்கவும் மறுக்கும்.

எஞ்சினா, கிளச்சா?

இனி மேட்டில் இழுக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு வருவோம். இதனை எழுதியும் சொல்லியும் வருபவர் அனைவரும் இரண்டு வெவ்வேறு நோய்களை ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அவற்றைக் காதாலேயே பிரித்தறியலாம். மேட்டில் எஞ்சின் பலமாக அலறுகிறது, ஆனால் வண்டி அதற்கேற்ப நகரவில்லை என்றால், எஞ்சினில் குறையில்லை, கிளச் வழுக்குகிறது. எஞ்சினின் குரலே தாழ்ந்து, சோர்ந்து, திணறி நிற்கப் பார்க்கிறது என்றால் அது எஞ்சினின் நோய். கராஜுக்குச் செல்லும்போது ‘இழுக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், அலறுகிறதா சோர்கிறதா என்று சொன்னால் அரைவாசி வேலை முடிந்துவிடும்.

அலறுகிறதென்றால் கிளச் கேபிளைப் பாருங்கள். இடது கைப்பிடியிலுள்ள கிளச் நெம்பைத் தொட்டால், அது உண்மையாக வேலை செய்யத் தொடங்குமுன் ஓரிரு மில்லிமீற்றர் வெறுமையாக அசைய வேண்டும். அந்தச் சிறு தளர்ச்சி இல்லாவிட்டால், கையை எடுத்த பின்னும் கேபிள் கிளச்சைச் சற்றே பிடித்துக்கொண்டிருக்கும். தட்டுகள் ஒன்றையொன்று முழுப் பலத்தோடு அழுத்தமாட்டா. சமதளத்தில் தெரியாத வழுக்கல் மேட்டில் தெரியும். மாறாகத் தளர்ச்சி மிகுந்துவிட்டால், நெம்பை முழுதாக அமுக்கினாலும் கிளச் முழுதாக விலகாது. அப்போது கியர் விழாது, பின்னோட்டம் கறகறக்கும்.

இப்போது ஒரு சாரதியை எண்ணிப் பாருங்கள். பின்னோட்டம் கறகறக்கிறது. நண்பரொருவர், “கிளச் கேபிளை இறுக்கு” என்கிறார். இறுக்குகிறார், கறகறப்புக் குறைகிறது. மகிழ்ச்சியோடு இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறார். மறுநாள் மேட்டில் வண்டி இழுக்கவில்லை. ‘எஞ்சினும் போய்விட்டது’ என்கிறார். ஒரு கேபிளின் இரண்டு சுற்றுகளுக்குள் இரண்டு நோய்களும் அடங்கிவிட்டன. இது கற்பனையாகத் தோன்றலாம். எந்தக் கராஜிலும் ஒரு பகல் உட்கார்ந்திருந்தால் இதனைக் காணலாம்.

சோரும் எஞ்சின்

எஞ்சின் சோர்கிறதென்றால் தேடல் சிறிது நீளும். இரண்டடிப்பு எஞ்சின் எளிமையான பிறவி. தண்டு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒருமுறை பொறி விழுகிறது. வால்வுகள் இல்லை, பிஸ்டனே ஏறியிறங்கிச் சிலிண்டரின் வாயில்களைத் திறந்து மூடுகிறது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி அடியில் இல்லை. பெற்றோலோடு செல்லும் எண்ணெயே உள்ளுறுப்புகளை வழுவழுப்பாக்கி, பிறகு எரிந்தும் போகிறது. ஆதலால் அதற்கு வேண்டியவை நான்கே: பெற்றோல், காற்று, பொறி, புகை வெளியேற வழி. இந்நான்கையும் செலவு குறைந்த வரிசையிற் பார்ப்பதே புத்தி.

முதலாவது, பெற்றோல் தாங்கியின் மூடி. மூடியில் காற்றுப் புகுவதற்கு ஒரு நுண்துளை உண்டு. அது தூசியால் அடைபட்டால், பெற்றோல் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் பெற்றோல் இறங்குவதே நின்றுவிடும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, மேட்டில் நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாகவே உயிர் பெறும் வண்டியில் இதனை முதலிற் பாருங்கள். நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்கும். கேட்டால் நோய் பிடிபட்டது. ஓர் ஊசியே மருந்து.

அடுத்து பெற்றோல் குழாயின் வடிகட்டியும் காபுரேட்டரும். நெடுநாள் நின்ற வண்டியில் காபுரேட்டருக்குள் பெற்றோல் காய்ந்து பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, முச்சக்கரவண்டிக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், நின்றே கிடந்த வண்டிகள் பலவற்றுக்கு இந்தக் கதி நேர்ந்தது. தகரத்திலும் பிளாஸ்டிக் கலனிலும் சேர்த்துவைத்த பெற்றோலில் தண்ணீர் இறங்குவதும் உண்டு. காபுரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால், தண்ணீர் அடியில் முத்துப்போல் தனித்து நிற்பதைப் பிள்ளைகளும் காணலாம். அது பௌதிக பாடமும் ஆகும். எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் செய்யவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

மூன்றாவது, பிளக். அதன் நிறம் எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டும். இளம் பழுப்பு நிறமானால் சுகம். ஈரக் கறுப்பானால் எண்ணெயோ பெற்றோலோ மிகுதி, அல்லது பொறி பலவீனம். வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது. அப்போது ஓட்டத்தை நிறுத்திக் காரணத்தைத் தேடவேண்டும். பிளக்கைப் பற்றி இன்னொன்று: குளிர்ந்தபோது நல்ல பொறி தந்து, சூடேறிய பின் பொறி மறைந்து, ஆறியதும் மீண்டும் வருமானால், குற்றம் பிளக்கில் அன்று, காயிலில் இருக்கலாம். மூடித்துளையின் நோயும் இதுவும் வெளியே ஒரே மாதிரித் தோன்றும். மூடியைத் திறந்தும் மாறவில்லையானால், நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். கராஜுக்கு வந்து சேர்வதற்குள் காயில் ஆறிவிடும், பாஸ் ஒன்றும் காணமாட்டார். பொறி பார்க்கும்போது பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொட்டிருக்கவேண்டும். பிளக் இருந்த துளைக்கு அருகே அது இருத்தல் ஆகாது. சிந்திய பெற்றோலும் அருகே இருத்தல் ஆகாது.

நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சைலன்சர். எண்ணெய் கலந்த புகை ஆண்டுக்கணக்கில் சென்ற வழியில் கரி படிந்து வழி சுருங்கும். மூக்கடைத்தவர் மலையேறுவதுபோல எஞ்சின் மூச்சு முட்டும். சமதளத்தில் குறை தெரியாது; மேட்டில் தெரியும். கரியைச் சுத்தம் செய்தாலே வண்டி புதுப்பிறவி எடுத்ததுபோல் ஏறுவதைக் கண்டிருக்கிறோம். இக்கரிக்குப் பெரும் காரணம் எண்ணெயை அளக்காமல் ஊற்றுவது. பழைய இரண்டடிப்பு முச்சக்கரவண்டிகளுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்பது வழக்கமான அளவு. வண்டியின் கைந்நூலில் வேறாக இருந்தால் அதுவே சட்டம். ‘கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது’ என்பவர் சைலன்சரை அடைக்கிறார். ‘எண்ணெய் விலை ஏறிவிட்டது’ என்று குறைப்பவர் பிஸ்டனையே இறுகச் செய்கிறார். இரண்டாவது பிழை உண்மையிலேயே சங்கிலியை அடகுக்கு அனுப்பும்.

இரண்டடிப்பு வண்டிகளின் இறக்குமதி 2008ஆம் ஆண்டளவில் இலங்கையில் நிறுத்தப்பட்டது. பின்னர் வந்தவை நான்கடிப்பு எஞ்சின் உடையவை. அவற்றுக்கு எஞ்சின் எண்ணெய் தனியே உண்டு, பெற்றோலில் கலக்கக் கூடாது. பழைய வண்டியில் பழகிய கை புதிய வண்டியிலும் எண்ணெயைக் கலந்துவிடுவதுண்டு. வீட்டில் இருவகை வண்டியும் இருந்தால் கலனில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒரு நோய் மற்றொன்றைப் பெறும் விதம்

எஞ்சின் சோரத் தொடங்கியதும் நம் சாரதிகள் செய்வது என்ன? சந்தியில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறதே என்று வெறும் ஓட்டத்தின் திருகாணியை முடுக்கி, சுழற்சியைக் கூட்டிவிடுகிறார்கள். அணைவது நிற்கிறது. ஆனால் இப்போது எஞ்சின் நிற்கும்போதும் வேகமாகச் சுழல்கிறது. கிளச் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் அந்தச் சுழற்சி கியர்பெட்டிக்குள் இறங்குகிறது. பின்னோட்டப் பற்கள் உரசுகின்றன. அடைபட்ட மூடித்துளை ஒன்று இரண்டு மாதத்தில் பின்னோட்டத்தின் பல்லைத் தேய்க்கும் கதை இப்படித்தான் நடக்கிறது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் எஞ்சினின் சோர்வைத் தீர்க்கவேண்டும். பிறகு வெறும் ஓட்டத்தைப் பழைய அமைதிக்கு இறக்கவேண்டும். பிறகு கிளச் கேபிளின் தளர்ச்சியை அளவாக்கவேண்டும். இவை மூன்றும் முடிந்த பின்னும் கறகறத்தால்தான் பின்னோட்டத்தைக் குற்றம் சொல்லலாம். வரிசையை மாற்றி கியர்பெட்டியை முதலில் இறக்கினால், புதிய பற்களும் அதே சுழற்சியில் தேயும்; ஓராண்டில் இன்னொரு சங்கிலி வேண்டியிருக்கும்.

பின்னோட்டத்தைச் சோதிப்பதற்கு எஞ்சினை அணைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டக்கொடுத்துவிட்டு, ஒருவர் நெம்புகோலை இழுக்க மற்றவர் கியர்பெட்டியின் வெளியேயுள்ள அந்தச் சிறு கையைக் கவனிக்கவேண்டும். நெம்புகோல் அசைந்தும் கை அசையவில்லையானால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது இணைப்பு ஊசி விழுந்திருக்கும். கை அரைத்தூரம் வந்து நின்றால், கேபிள் நீண்டு தளர்ந்திருக்கும். பல் அரைகுறையாக இறங்கி, சுமை விழுந்ததும் நழுவும். நெம்புகோலை இழுக்கவே பலம் வேண்டியிருந்தால், மழைநீர் இறங்கிக் கேபிள் துருப்பிடித்திருக்கும். நம் மலைப்பக்கத்து மழைக்கு அது புதுமையன்று. இப்போது கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கையை மட்டும் விரலால் அசைத்துப் பாருங்கள். அது இரு புறமும் தடையின்றி முழுத்தூரம் சென்றுவந்தால், நோய் பெட்டிக்கு வெளியே. வேண்டியது ஒரு கேபிள். ஒரு வேளைக் கூலி. அது உள்ளேயே இறுகி நின்றால், வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டி மீண்டும் அசையுங்கள். பல்லுக்குப் பல் நேரே நின்று தடுத்திருக்கலாம். அதன் பின்னும் அசையாவிட்டால், அல்லது முழுத்தூரம் சென்று சரியாக இறங்கிய பின்னும் சுமையில் நழுவினால், அல்லது கியர் எண்ணெயை வடிக்கும்போது உலோகத் துகள் மின்னினால், பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது கராஜ்காரரின் மேல் குறை சொல்லுதல் தகாது. பழைய உறுப்புகளைக் காட்டும்படி கேளுங்கள். மழுங்கிய பல்லைக் கண்ணால் காணலாம். நல்ல பாஸ் அதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்.

பின்னோக்கிச் சுழலும் எஞ்சின்

மாணவர்களுக்காக ஒரு சிறிய விலகல். வால்வில்லாத இரண்டடிப்பு எஞ்சின் எந்தத் திசையிற் சுழன்றாலும் ஓடக்கூடியது. பிஸ்டன் ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில்கள் ஒரே விதமாகத் திறப்பதே காரணம். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, பின்னோட்டக் கியரே இல்லாமல் ஒரு மூன்று சக்கர வாகனம் செய்தார்கள். ஜெர்மனியில் 1955 முதல் 1964 வரை உற்பத்தியான மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்ற அவ்வண்டியை வடிவமைத்தவர் பிரிட்ஸ் பெண்ட். பின்னே போகவேண்டுமானால் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பவேண்டும். எஞ்சின் எதிர்த்திசையில் உயிர் பெறும். விளைவாக அவ்வண்டிக்குப் பின்னே போகவும் நான்கு கியர்கள்! அதே நாட்களில்தான் இத்தாலியப் பியாஜ்ஜியோ நிறுவனத்தின் மூன்று சக்கர ‘ஆப்பே’யும் ஓடிக்கொண்டிருந்தது, 1948இல் வந்த அதன் பெயருக்குத் தேனீ என்று பொருள். நம் தெருவிலுள்ள பஜாஜ் வண்டி அந்தத் தேனீயின் வழிவந்ததே.

கனடாவிலிருக்கும் உறவினர் அனுப்பும் படங்களில், பனிமேல் சறுக்கியோடும் மோட்டார் வண்டிகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். முன்னே இரண்டு சறுக்குப் பலகை, பின்னே சுழலும் பட்டி. கியூபெக் மாகாணத்து யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1959இல் வெளியிட்ட ‘ஸ்கி டூ’ இவ்வகையில் பெயர் பெற்றது. இவற்றிலும் நெடுங்காலம் இரண்டடிப்பு எஞ்சின்களே ஆட்சி செய்தன. 1990களின் பிற்பகுதியில் ஓர் அரிய ஏற்பாடு வந்தது. சாரதி ஒரு பொத்தானை அழுத்துகிறார். மின்னணுக் கருவி பொறியை நிறுத்தி, எஞ்சின் அணையப்போகும் நிலைவரை தணியவிடுகிறது. பிறகு பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே முந்திப் பொறி தட்டுகிறது. ஏறிக்கொண்டிருந்த பிஸ்டன் வந்த வழியே தள்ளப்பட, எஞ்சின் எதிர்ப்புறம் சுழல ஆரம்பிக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டுமே இது நிகழும். அங்கும் வெறும் ஓட்டம் கெட்டிருந்தால் பின்னோட்டம் கெடும் என்பதைக் கவனியுங்கள். பனிநாட்டு வண்டிக்கும் தேயிலை நாட்டு வண்டிக்கும் இவ்விடத்தில் ஒரே வைத்தியம்.

இதே நிகழ்ச்சி வேண்டாத இடத்திலும் நடக்கலாம். பொறியின் காலம் தவறிய பழைய இரண்டடிப்பு எஞ்சின், தொடக்கும் நெம்பை அரைகுறையாக இழுக்கும்போது உதைத்துத் திரும்பி, எதிர்த்திசையில் ஓடத் தொடங்குவது அரிதாகவேனும் உண்டு. அப்போது முன் கியரைப் போட்டால் வண்டி பின்னே வரும்! பேய் என்று அஞ்சவேண்டியதில்லை. கியர்பெட்டி போய்விட்டதென்று முடிவு கட்டவும் வேண்டாம். எஞ்சினை அணைத்து மீண்டும் தொடக்கவேண்டும். பொறியின் காலத்தைச் சரிபார்க்க வேண்டும்.

சரிவை நோக்கி நிற்கும்போது

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். பணத்தினும் பெரிய விஷயமொன்று உண்டு. ஒடுங்கிய மலைப்பாதையில் வண்டியைத் திருப்பும்போது, பள்ளத்துக்கு முகமும் மண்மேட்டுக்கு முதுகுமாகத் திருப்பவேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகள் அறிந்த விதி. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்குப் பின்னே போவதைவிட, தெரியும் பள்ளத்தின் முன்னே நிற்பது மேல். ஆனால் அப்படி நிற்கும் வண்டிக்குத் தப்பும் வழி பின்னோட்டம் ஒன்றுதான். இவ்வண்டியில் திசையைத் தனி நெம்புகோல் மாற்றுகிறது. அதன் பிறகு கைப்பிடியில் முதற் கியரைப் போட்டே புறப்படுகிறோம். நெம்புகோல் அரைகுறையாக வந்து, வளையம் முன்னோட்டப் பக்கத்திலேயே நின்றிருந்தால், அதே முதற் கியர் வண்டியை முன்னே தள்ளும். முன்னே இருப்பது தேயிலைச் சரிவு.

ஆதலால் நெம்புகோலை இழுத்ததும் வேகப்பிடியை முறுக்காதீர்கள். பிரேக்கை அழுத்தியபடியே கிளச்சைச் சிறிது மட்டும் விடுங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய எண்ணுகிறது என்பது இருக்கையிலேயே தெரியும். பின்னே சாய்ந்தால் மட்டும் பிரேக்கை மெல்ல விடுங்கள். பயணிகளை, விசேடமாகக் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும், திருப்பிய பின்னர் ஏற்றுங்கள், திருப்புமுன் ஏற்றவேண்டாம். பின்னே சிறுவர்கள் நிற்கவில்லை என்று இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கைப்பிடியை முழுதாக வெட்டியபடி பின்னே போகும்போது முன்சக்கரம் அகன்று வெளியே வீசும் என்பதையும், கானின் ஓரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். மூன்று சக்கர வண்டி சாய்வில் குறுக்காக நின்றால் கவிழ்வது எளிது.

பின்னோட்டம் ஐயத்துக்குரியதாக இருக்கும்வரை லயத்து வாசல்வரை வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. பாதை அகன்ற இடத்தில், கீழே புறப்படும் முகமாகத் திருப்பி நிறுத்திவிட்டு, அங்கிருந்து நோயாளியை நாற்காலியில் சுமந்து வருவதே அறிவுடைமை. உடவளவைப் பக்கம் ஓடும் சாரதிகளுக்கும் இது பொருந்தும். தணமல்வில வீதியில் வேலியோரம் யானை நிற்கும்போது, நெம்புகோலோடு மல்லுக்கட்டிச் சோதனை செய்ய நேரம் இராது.

கடிதம் எழுதிய மாணவிக்கு: அடுத்த பிரசவ மாதத்துக்குள் வண்டி நம்பத்தக்கதாக வேண்டுமென்ற உங்கள் அவசரம் நியாயமானது. தந்தையாரோடு உட்கார்ந்து முதலில் மூடித்துளை, பிளக்கின் நிறம், சைலன்சர், வெறும் ஓட்டம், கிளச் கேபிளின் தளர்ச்சி, கடைசியாகப் பெட்டியின் சிறு கை என்ற ஒழுங்கில் பார்த்து, ஒவ்வொன்றிலும் கண்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமற் போய்விடும். அந்தக் கொப்பியோடு கராஜுக்குச் செல்லுங்கள். சங்கிலியைப் பற்றி அதற்குப் பிறகு முடிவெடுக்கும்படி தாயாரிடம் சொல்லுங்கள்.

கொலொன்னவிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கும் தண்ணீர்ப் பம்பியின் கதை அடுத்த ஞாயிறு.